கூப்பிட்டாலும் வராதே

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் தார்ச்சாலையில்தான் போவார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் வெட்டாற்றங்கரையில் போவோம். அரை நாள் கூடுதலாகும். ஆனால் வழி நெடுகப் புங்கமும் நாவலும் நிழல் கொடுக்கும். லாரி பயம் இல்லை. கால் வலித்த பிள்ளையை மதகுக் கட்டையில் உட்கார வைத்து, தண்ணீரில் காலை நனைக்கச் சொல்லிவிட்டு நாமும் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். வலங்கைமானுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து பிள்ளைகளின் வேகத்துக்கு மூன்று நாள் நடை.

எழுபதாம் வருஷம் ஆவணி மாதம் அப்படித்தான் போனோம். நான், என் கணவர் இருதயசாமி, ஐந்து வயது மகள் பாத்திமா மேரி, இன்னும் தெருவில் ஒரு பதினைந்து பேர். இருதயசாமி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவர். அவருடைய சித்தப்பா ஜெக்கரியா கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். நூறு அடிக்கு ஒரு தரம் அவர் "மரியே!" என்று குரல் கொடுப்பார். நாங்கள் "வாழ்க!" என்போம். பிள்ளைகள் யார் சத்தமாகச் சொல்வது என்று போட்டி போடும்.

இரண்டாம் நாள் மதியம் ஓர் ஊரின் எல்லையை அடைந்தோம். கூலிச் சண்டை நடக்கிற ஊர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மதகுச் சுவரில் ஒரு பக்கம் உதயசூரியன், மறுபக்கம் அரிவாள் சுத்தியல். இரண்டின் மேலும் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். பாதி வயல் தரிசாகக் கிடந்தது. ஒரு வயலில் மட்டும் சம்பா நடவு நடந்தது. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு பண்ணையின் காரியக்காரர் நின்றார். பக்கத்தில் தடியோடு இரண்டு ஆட்கள்.

நடவு வயலோரம் போகிற வழிப்போக்கரைப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். பறித்து, கைப்பிடி அளவாகக் கட்டிய நாற்று முடி ஒன்றை ஏந்திக்கொண்டு வந்து வழியை மறிப்பார்கள். வெற்றிலையோ பொரியோ ஏதாவது கொடுத்தால்தான் வழி. சிரிப்பும் கேலியுமாக முடிகிற வழக்கம் அது.

"வேளாங்கண்ணி சாமிங்களா, எங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று வயலிலிருந்து ஒரு கிழவி கத்தினாள்.

"பொரிதான் இருக்கு. ஒனக்குப் பல்லு இருக்கா?" என்றார் ஜெக்கரியா மாமா.

"பல்லு இருக்கு, பசியும் இருக்கு. பொரி மட்டுந்தான் இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கரையேறி வந்து என் முன்னால் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையிலும் நாற்று முடி. அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பெண் ஒன்று, முழங்கால் வரை சேற்றோடு நின்றது. இடுப்பு வரை தொங்கிய அந்தப் பிள்ளையின் தலைமயிர் வெயிலில் செம்பட்டை பாய்ந்திருந்தது. இதைச் சீவிவிடாமல் வைத்திருக்கிறாளே என்றுதான் என் மனம் நினைத்தது.

"இது மாதாவுக்கு நேந்த முடிம்மா," என்றாள் அவள். குரல் தணிந்து இருந்தது. "கோயில்ல கொண்டுபோய்ச் சேத்துடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அதுக்கென்ன, சேத்துடுறேன்," என்று சொல்லி நான் நாற்று முடியை வாங்கிக்கொண்டேன். முதல் நடவு நாற்றை மாதாவுக்குப் படைக்க விரும்புகிறாள் என்று நினைத்தேன். மாதாவுக்கு எல்லாச் சாதியும் எல்லா மதமும் படைக்கும். அவள் மடியில் இரண்டு கை பொரியைப் போட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள்.

"என்னாடி அங்க பேச்சு?" என்று காரியக்காரர் அதட்டினார்.

அவள் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் புன்னகை செய்துவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் ஜெக்கரியா மாமா "மரியே!" என்றார். நாங்கள் "வாழ்க!" என்றோம். எங்கள் குரல் அடங்கியபின் இன்னொரு "வாழ்க" கேட்டது. எங்கோ பின்னாலிருந்து, மெல்லிய குரல்.

"மாடு மேய்க்கிற புள்ள ஏதாவது சொல்லும்," என்றார் மாமா.

சாயங்காலம் வரை அந்தக் குரல் எங்கள் பின்னாலேயே வந்தது. பாத்திமா அடிக்கடி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அந்த அக்கா வர்றாம்மா."

"பேசாம முன்னாடி பாத்து நட."

நான் திரும்பவில்லை. என் காலில் கொப்புளம். பாத்திமாவை இழுத்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கு வரை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிற பாவம் இதுதான். ஒரு தரம் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பெரிய வாய்க்காலைக் கடந்தோம். ஒற்றைப் பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். மழை பெய்து பாசி வழுக்கியது. பெரியவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து அக்கரை சேர்த்தோம். பிறகு மாமா "மரியே!" என்றார். நாங்கள் "வாழ்க!" என்றோம்.

பின்னாலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

"பொழுது போச்சுல்ல, வீட்டுக்குப் போயிருக்கும்," என்று நானே சொன்னேன்.

நாற்று முடியை மறுநாள் மாதாவின் பீடத்தில் வைத்தேன். வாடி மஞ்சளாகியிருந்தது.

*

மறு வருஷம் அதே ஆவணியில் அதே கரையில் நடந்தோம். அந்த ஊர் எல்லையை நெருங்கும்போது உச்சி வேளை. காற்று நின்றுவிட்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியும் சத்தமில்லை. தவளை கத்தவில்லை, கொக்கு பறக்கவில்லை. கிளறிய சேற்றின் வாடை மட்டும் எங்கும் இருந்தது. ஆனால் அந்த வருஷம் அங்கே ஒரு வயலிலும் நடவு இல்லை. போன வருஷம் தூரத்தில் தெரிந்த குடிசைகளும் இல்லை. அந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

ஜெக்கரியா மாமா "மரியே!" என்றார்.

"வாழ்க!"

எங்கள் குரல் அடங்கியது.

"வாழ்க," என்றது பின்னால் ஒரு குரல்.

அதே குரல். அந்த ஒரு சொல் ஈரமாக இருந்தது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசியது போல.

இன்னும் நூறு அடி போனதும் மாமா மறுபடி குரல் கொடுத்தார். மறுபடி அந்தப் பதில். மூன்றாம் முறை அவர் "மரியே" சொல்லவில்லை. வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நடந்தார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நூறு அடி போயிற்று. நூற்றைம்பது அடி.

"வாழ்க."

நான் அந்த வருஷம்தான் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தேன்.

கரையில் ஒருவரும் இல்லை. வெயிலில் காய்ந்த வெள்ளைப் புழுதி. அந்தப் புழுதியில் நாங்கள் வந்த தடத்துக்கு நடுவே, சின்னச் சின்ன ஈரக் காலடிகள். எங்களிடமிருந்து ஒரு மூங்கில் தூரத்தில் வந்து நின்றிருந்தன. விரல்கள் எங்களைப் பார்த்திருந்தன.

நாங்கள் நாலு எட்டு நடந்தோம். திரும்பினேன்.

காலடிகளும் நாலு எட்டு வந்திருந்தன.

"என்னங்க," என்றேன்.

"நீர்நாயா இருக்கும்," என்றார் இருதயசாமி. "ஆத்தோரந்தானே." ஆனால் பாத்திமாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அந்த அக்கா இப்பவும் எட்டத்துலயே வர்றா," என்றாள் பாத்திமா. அவளுக்குப் பயமே இல்லை. "பாவம்மா, தலையெல்லாம் தண்ணி சொட்டுது."

பெண்கள் செபமாலையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பிள்ளைகள் அழுதன. பனைமரப் பாலத்தை அடைந்தபோது அதன் இந்தப் பக்கத்தில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் நாற்று முடி கொடுத்தவள். தலை நரைத்திருந்தது. ஒரு வருஷத்தில் ஒருத்திக்கு அப்படி நரைக்குமா?

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"முடியக் கொண்டுபோய்ச் சேத்தீங்களாம்மா?"

"சேத்தோம். பீடத்துலயே வச்சேன்."

"எதை?"

"நீ குடுத்த நாத்து முடியைத்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கண்ணில் கோபம் இல்லை.

"நாத்து முடின்னா நெனச்சீங்க?" என்றாள். "எம்மவ தலைமுடியத்தானே சொன்னேன். காய்ச்சல்ல கெடந்தப்ப மாதாவுக்கு நேந்து வளத்த முடி. அவளக் கூட்டிட்டுப் போங்கன்னுதான், காரியக்காரன் காதுல விழுமேன்னு சூசகமாச் சொன்னேன். பொம்பளதானே, புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

அவள் பக்கத்தில் அப்படியே புழுதியில் உட்கார்ந்தேன்.

அவள் பெயர் நீலாம்பாள். புருஷன் காத்தான் செங்கொடிச் சங்கத்துக்காரன், போலீசுக்குப் பயந்து தலைமறைவாக இருந்தான். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சர்க்கார் சட்டம் கொண்டுவரப் போகிறது என்று பேச்சு வந்ததும், அதற்குள் குடிசைகளைப் பிரித்தெறிய வேண்டும் என்று பண்ணை முடிவு செய்தது. அன்று ராத்திரி ஆள் வரும், காத்தானை வெளியே வரவழைக்கப் பிள்ளையைப் பிடித்து வைப்பார்கள் என்று நீலாம்பாளுக்குச் சேதி வந்திருந்தது. வேளாங்கண்ணியில் அவள் தம்பி கருவாட்டுக் கடையில் வேலை செய்தான். நடைக்காரர்களோடு போனால் யாருக்கும் சந்தேகம் வராது.

"நீங்க நாத்த வாங்கிட்டு நடந்துட்டீங்க. காரியக்காரன் அந்தப் பக்கம் திரும்புனதும் அவளத் தள்ளிவிட்டேன். அவங்க பின்னாடியே போ, மாமன்கிட்டச் சேந்துடு, திரும்பிப் பாக்காத. நான் கூப்பிட்டாலும் வராதேன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க, அக்கா?" என் வாயில் தானாக 'அக்கா' வந்தது.

"கூப்பிடச் சொல்லி அடிப்பாங்கன்னு தெரியும். அதே மாதிரி ராத்திரி வந்து அடிச்சாங்க. தாங்க முடியாம நானும் கூப்பிட்டேன். மாரிக்கண்ணு, மாரிக்கண்ணுன்னு கத்தினேன். அவ திரும்பவே இல்ல." அந்த இடத்தில் மட்டும் நீலாம்பாளின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. "சொன்னா சொன்னபடி கேக்குற புள்ள."

"எங்ககிட்ட வந்திருக்கலாமே. ஓடி வந்து கையப் பிடிச்சிருக்கலாமே."

"எப்படி வருவா? கிட்டப் போகாத, எட்டி நடன்னு பொறந்ததுலேருந்து இந்த ஊரே சொல்லிக் குடுத்திருக்கே."

நான் பனைமரத்தைப் பார்த்தேன். நாங்கள் எங்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கை பிடித்துக் கடத்திய மரம். அவளைக் கடத்த ஒரு கை இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையை மதகுக் கதவில் கண்டெடுத்தார்களாம். நீளமான முடி பலகை இடுக்கில் சிக்கியிருந்ததாம்.

"தினமும் இங்க வந்து கூப்பிடுறேன்," என்றாள் நீலாம்பாள். "நீங்க மரியேன்னா பதில் சொல்றா. நான் கூப்பிட்டா சொல்ல மாட்டேங்குறா. நாந்தானே வராதேன்னேன்."

எங்கள் ஆட்கள் அதற்குள் பாலத்தைக் கடந்து அக்கரையில் நின்றார்கள். "சீக்கிரம் வா ஆரோக்கியம்!" என்று மாமா கத்தினார். நான் எழுந்து, வந்த வழியைப் பார்த்து நின்றேன். ஈரக் காலடிகள் ஒரு மூங்கில் தூரத்தில் காத்திருந்தன.

"மாரிக்கண்ணு," என்றேன். "எட்டி நடக்க வேணாம் கண்ணு. கிட்ட வா. வந்து கையப் பிடிச்சுக்க."

வலது கையைத் தாழ்த்தி நீட்டினேன்.

சேற்று வாடை நெருங்கியது.

ஈரத் தலைமயிரின் வாடை.

ஐந்து விரல்கள். கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று, சின்னஞ்சிறு விரல்கள் என் கைக்குள் வந்தன.

கண்ணை மூடிக்கொண்டு பனைமரத்தைக் கடந்தேன். எனக்குப் பின்னால் நீலாம்பாள் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

*

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் அந்தக் கை என் கையை விடவில்லை. தோள் வரை மரத்துப் போயிற்று. சோறு இடது கையால் சாப்பிட்டேன். யாரும் என் வலப்பக்கம் நடக்கவில்லை. பாத்திமா மட்டும் அந்தப் பக்கம் பார்த்து, தன் பங்குப் பொரியை வழியில் ஒவ்வொரு பிடியாக வைத்துக்கொண்டு வந்தாள்.

வேளாங்கண்ணியில் முடி எடுக்கிற கொட்டகைக்குப் போனேன். "யாருக்கும்மா?" என்றார் நாவிதர்.

"எனக்குத்தான்."

"ஆரோக்கியம்!" என்றார் இருதயசாமி. நான் அவரைப் பார்க்கவில்லை. பலகையில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையை உட்கார வைப்பது போல மடியை விரித்துக்கொண்டேன். மடியில் ஈரமான ஒரு கனம் வந்து உட்கார்ந்தது.

நாவிதர் வேகமாகச் சிரைத்தார். பாதியில் அவருடைய கத்தி நின்றது. கீழே விழுந்த முடியைக் குனிந்து பார்த்தார். என் கறுப்பு முடியின் நடுவே செம்பட்டை பாய்ந்த நீளமான முடி, சேறு ஒட்டி, கத்தை கத்தையாகக் கிடந்தது.

"அம்மா," என்று மெதுவாகச் சொன்னார், "இது ரெண்டு பேர் முடி."

"ஆமாய்யா. ரெண்டு பேருக்குந்தான் வேண்டுதல்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்காமல் மீதியையும் எடுத்து, இரண்டையும் ஒரே கூடையில் சேர்த்தார். கடற்காற்று மொட்டைத் தலையில் பட்டபோது நான் குனிந்து சொன்னேன்: "நேந்தது முடிஞ்சுது கண்ணு. இனிமே அம்மா கூப்பிட்டாப் போகலாம்."

அந்த நம்பிக்கையோடுதான் திரும்பி நடந்தோம். பனைமரப் பாலத்தில் நீலாம்பாள் எங்களுக்காகக் காத்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சேலை கட்டியிருந்தாள். என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் கை கூப்பினாள்.

"கூப்பிடுங்க அக்கா," என்றேன்.

"மாரிக்கண்ணு," என்றாள் அவள். "அம்மா கூப்பிடுறேண்டி. வாடி தங்கம்."

என் கையிலிருந்த விரல்கள் பிரியவில்லை. இன்னும் இறுகின.

"மாரிக்கண்ணு!"

எலும்பு நோகிற அளவுக்கு இறுகின. அந்தப் பிள்ளை என் பின்னால் ஒதுங்கி நடுங்குவது எனக்குத் தெரிந்தது. வர ஆசைப்பட்டு, வராமல் நிற்கிற நடுக்கம். அம்மா கூப்பிட்டாலும் வராதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் யார் அதை மாற்ற?

நீலாம்பாள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். தரையில் விழுந்து மண்ணை அறைந்து அழுதாள். அந்த அழுகையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை மாதா தந்ததாகவே இன்றும் நம்புகிறேன்.

"அக்கா, கூப்பிட்டாத்தானே வர மாட்டா? கூட நடக்க வேணாம்னு நீங்க சொல்லலையே. இனிமே கூப்பிடாதீங்க. எழுந்து எங்க கூட வாங்க."

அவள் எழுந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு வலப்பக்கம், நடுவில் ஒரு பிள்ளைக்கு இடம் விட்டு நடந்தாள். ஒரு கையைத் தாழ்த்திக்கொண்டாள். இரண்டு மதகு தாண்டியதும் அவள் விரல்கள் எதையோ பற்றி மூடின. என் கைக்குச் சூடு திரும்பியது.

நீலாம்பாள் எங்கள் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டு பதினோரு வருஷம் இருந்தாள். காத்தான் திரும்பி வரவே இல்லை. அவள் களையெடுக்கப் போவாள், கதிர் அறுக்கப் போவாள், எதற்கும் ஒரு கையைத் தாழ்த்தியே நடப்பாள். பாயில் ஓரமாகப் படுப்பாள். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு தரம்கூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பெயரைச் சொல்வதும் கூப்பிடுவதுதானே என்று பயந்தாள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் நினைவு தப்பிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்து எங்கோ பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"மாரிக்கண்ணு," என்றாள், "வாடி, போகலாம்."

நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் உயிர் போய்விட்டது.

அவளை ஆற்றங்கரையில் புதைத்தோம். எல்லோரும் கலைந்த பிறகு நானும் இருதயசாமியும் கரையோடு வீட்டுக்குத் திரும்பினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும் என்று நான் வேகமாக முன்னால் நடந்தேன். அழுகையை அவர் பார்க்கக்கூடாது என்பதற்காகவும்தான்.

பின்னால் வந்துகொண்டிருந்த இருதயசாமி நின்றுவிட்டார். ஈர மண்ணில் என் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு மிகவும் தணிந்த குரலில் சொன்னார்:

"மெதுவா நட ஆரோக்கியம். அதுக்குச் சின்னக் காலு."